பின்னால் வருகிறவருக்கு ஒரு சிவப்பு விளக்கு

ராஜாக்களின் சரித்திரம், கோயில்களின் சரித்திரம், துய்ப்ளேக்சின் சரித்திரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. இந்த முறை மோட்டார் சைக்கிளின் பின்விளக்குக்கு ஒரு சரித்திரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதற்கும் சண்டை உண்டு, சட்டம் உண்டு, பாராளுமன்ற விவாதம் உண்டு. உயிர்களும் போயிருக்கின்றன.

வண்டியில் உள்ள எல்லாப் பாகமும் ஓட்டுகிறவனுக்குப் பயன்படும். முன்விளக்கு அவனுக்கு வழி காட்டும், ஹாரன் அவனுக்கு வழி வாங்கித் தரும். பின்விளக்கு ஒன்றுதான் அவனுக்கு நேரடியாக எந்த உதவியும் செய்யாதது. அது எரிகிறதா இல்லையா என்பதுகூட ஓட்டும்போது அவனுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதற்காக வைத்த விளக்கு அது. அதனால்தான் நூறு வருஷமாக அதைப் பற்றி ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கிளம்புகிறது. முன்னால் போகிறவன் தன்னைத் தெரியும்படி காட்டிக்கொள்ள வேண்டுமா, அல்லது பின்னால் வருகிறவன் பார்த்து வர வேண்டுமா?

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். என் சின்ன வயதில் ராத்திரியில் ரோட்டில் போன வண்டிகளில் பாதி மாட்டு வண்டிகள். வண்டிக்கு அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். வண்டிக்காரர் பாரத்தின் மேல் படுத்துத் தூங்குவார், மாடுகளுக்கு வழி தெரியும். அந்த விளக்கு வெளிச்சத்தில் மாட்டின் கால் நிழல் ரோட்டோர மரங்களின் மேல் ராட்சசக் கால்களாக நடந்து போகும். அந்த விளக்கு மாட்டுக்கும் இல்லை, வண்டிக்காரருக்கும் இல்லை. பின்னால் வரும் பஸ்காரருக்குத்தான்.

சைக்கிளுக்கு முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து, காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்க வைப்பார். அவர் பார்த்ததெல்லாம் முன்விளக்கைத்தான். பின்னால் மட்கார்டில் ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லை இருக்கும். தமிழில் அதற்கு நாம் வைத்த பெயர் 'டேஞ்சர் லைட்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'கத்தாஃபோத்'. வியாபாரப் பெயராகப் பிறந்து, பிறகு அந்தச் சாமானுக்கே பொதுப் பெயராகிவிட்ட சொல் அது. எங்கள் தெருவில் சொல்தா ஒருவர், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஒரு கறுப்பு சோலெக்ஸ் வைத்திருந்தார். முன்சக்கரத்தின் மேல் மோட்டார் உட்கார்ந்திருக்கும், ஓர் உருளை டயரை உரசிச் சக்கரத்தைச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன் கைக்குட்டையால் அந்தக் கத்தாஃபோத்தைத் துடைப்பார். எங்களுக்கு அது வேடிக்கை.

டேஞ்சர் லைட்டுக்குக் கீழே, மட்கார்டின் நுனியில் ஒரு சாண் அளவுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? சைக்கிள் கடைக்காரரைக் கேட்டால் "அது அப்படித்தான் வரும்" என்பார். அது எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பின்னால் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சைக்கிள்காரர்கள் பலமான கூட்டம். மோட்டார் கார்கள் பெருகியதும், "சைக்கிளுக்கும் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும், இருட்டில் எங்களுக்குத் தெரியவில்லை" என்றார்கள் கார்க்காரர்கள். சைக்கிள் சங்கத்தார் மறுத்தார்கள். அவர்கள் வாதம் நியாயமானது. "உன் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் நீ ஓட்டு. ரோட்டில் விளக்கில்லாத மனிதன் நடப்பான், ஆடு நிற்கும், மரம் விழுந்து கிடக்கும். அதற்கெல்லாமா சிவப்பு விளக்கு மாட்டுவாய்? விளக்கை என் முதுகில் கட்டிவிட்டால், நாளை இடித்துவிட்டு 'விளக்கு எரியவில்லை' என்று என் மேலேயே பழி போடுவாய்" என்றார்கள். கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

1927 சட்டத்தில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வைக்கலாம், அல்லது சிவப்பு வில்லை மட்டும் வைத்தாலும் போதும். 1934 சட்டத்தில் மட்கார்டில் வெள்ளைப் பரப்பும் வேண்டும் என்று வந்தது. அந்த வெள்ளைதான் கப்பலேறி நம் சைக்கிள் கடைவரை வந்து சேர்ந்தது.

பிறகு யுத்தம் வந்தது. 1939 செப்டம்பர் முதல் அங்கே இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது, கார் விளக்குக்கு மூடி. ஜெர்மன் விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று செய்தது, ரோட்டில் ஒருவரை ஒருவர் தெரியாமல் இடித்துக்கொள்வதில் முடிந்தது. 1938இல் பிரிட்டனில் ரோட்டு விபத்தில் இறந்தவர்கள் 6,648 பேர். 1941இல் பெட்ரோல் ரேஷன், ஓடிய வண்டிகளே குறைவு, ஆனால் இறந்தவர்கள் 9,169. அந்த நாட்டு ரோட்டுச் சரித்திரத்திலேயே மிக அதிகமான எண்ணிக்கை அதுதான். நடைபாதை ஓரத்துக்கும் மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வெள்ளையடித்தார்கள். நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களின் இடுப்பில் உள்ள வெள்ளைப் பட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. யுத்தம் முடிந்த 1945இல் சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயம் என்று தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். சைக்கிள் சங்கத்தின் வாதத்தை யாரும் பொய் என்று நிரூபிக்கவில்லை. செத்தவர்களின் எண்ணிக்கை அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது.

இப்போது அந்தச் சிவப்பு வில்லையைக் கொஞ்சம் பார்ப்போம். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, பல்பு இல்லை. ஆனாலும் எப்படி மின்னுகிறது?

எங்கள் பௌதிக ஆசிரியர் இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணமாக வைத்து மூலையில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டு, மறு கண்ணாடியில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிப் போயிற்று. மூன்றாவது கண்ணாடியையும் சேர்த்து ஒரு பெட்டியின் உள்மூலை மாதிரி செய்தால் மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கிருந்து வரும் ஒளியும் அப்படியே திரும்பும். டேஞ்சர் லைட்டின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் நறநறவென்று இருக்கும். அத்தனையும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு மூலைகள். பின்னால் வரும் கார் தன் விளக்கை அதன் மேல் போட்டால், அந்த ஒளி அந்த ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதே தத்துவத்தில் வேலை செய்யும் 100 மூலைகள் கொண்ட பலகை ஒன்றை 1969இல் அப்போலோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்தது. பூமியிலிருந்து லேசர் அடித்து, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். அடுத்த வருஷம் ருஷ்யர்கள் அனுப்பிய லூனகோத் வண்டியில் இருந்த பிரதிபலிப்பான்கள் பிரான்சில் செய்தவை. ஆக, சந்திரனில் ஓடிய முதல் வண்டியிலும் ஒரு பிரெஞ்சுக் கத்தாஃபோத் இருந்தது என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வோம்.

இன்னொரு வகை கண்ணாடி மணி. பூனைக் கண் இருட்டில் மின்னுவதைப் போல. இங்கிலாந்தின் யார்க்ஷையரில் பெர்சி ஷா என்பவர் ரோட்டின் நடுவில் பதிக்கும் 'பூனைக்கண்'ணுக்கு 1934இல் காப்புரிமை கேட்டார். அமெரிக்காவில் மின்னியபோலிஸ் நகரத்தின் ஓரத்தில், மணலைவிடப் பொடியான கண்ணாடி மணிகளை ஒட்டிய தாளில் செய்த முதல் ரோட்டுப் பலகை 1939இல் நடப்பட்டது. இன்று லாரியின் பின்னால் ஒட்டும் மின்னும் பட்டை, போலீஸ்காரர் மாட்டும் சட்டையில் உள்ள வெள்ளிக் கோடு, எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் ஒன்று. கத்தாஃபோத் கடன் வாங்கிய வெளிச்சத்தில் பிழைப்பது. பின்னால் வருபவர் விளக்குப் போட்டால்தான் அது உயிர்பெறும். அந்திக் கருக்கலில், பாதிப்பேர் விளக்குப் போடாத நேரத்தில், அதனால் பிரயோஜனம் குறைவு. சேறு படிந்தாலும், மூட்டை மறைத்தாலும் அவ்வளவுதான். அதனால் தானாக எரியும் விளக்கும் வேண்டும்.

நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு வருகிறேன். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது, புல்லட் வந்தது. 1961இல் மைசூரில் ஜாவா. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. இடையில் ஸ்கூட்டர்கள். அரசு ஊழியர்களான எங்களுக்கு ஸ்கூட்டர் என்பது வருஷக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்து வாங்கிய சொத்து. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட். பல சின்ன வண்டிகளில் விளக்குக்குப் பேட்டரியே இல்லை, இன்ஜின் சுற்றும் வேகத்தில் மாக்னெட்டோ கொடுக்கும் கரண்டிலேயே எரிய வேண்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிரகாசம், மெதுவாகப் போனால் மங்கல், நின்றால் மின்மினிப் பூச்சி. வேகத்தைக் குறைக்கும்போதுதான் பின்னால் வருபவருக்கு நாம் அதிகம் தெரிய வேண்டும், அந்த நேரம் பார்த்து விளக்கு தூங்கிவிடும்.

அதில் இன்னொரு வினோதம் உண்டு. முன்பல்பு பியூஸ் போனால், அடுத்த நிமிஷமே பின்பல்பும் போய்விடும். ஏதோ புருஷன் பெண்டாட்டி போல என்று மெக்கானிக் சொல்வார். காரணம் எளிது. மாக்னெட்டோ கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதியை முன்பல்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது போனதும் மிச்சமெல்லாம் அந்தச் சின்னப் பின்பல்பின் தலையில் விழுந்தது. முன்விளக்கு போனது உடனே தெரியும், மறுநாள் மாற்றிவிடுவார்கள். பின்விளக்கு போனது வாரக்கணக்கில் தெரியாது.

பிரேக் விளக்கும் அதே பல்புக்குள்தான் இருந்தது. ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். மெல்லியது எப்போதும் எரிவதற்கு, தடித்தது பிரேக் பிடிக்கும்போது எரிவதற்கு. இரண்டும் மாறிவிடக் கூடாது என்றே பல்பின் அடியில் உள்ள இரண்டு குமிழ்முள்ளையும் ஏற்ற இறக்கமாக வைத்திருப்பார்கள், ஒரே விதமாகத்தான் மாட்ட முடியும். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் காலால் மிதிக்கும் பிரேக்குக்குத்தான் விளக்கு எரியும், கையால் பிடிக்கும் முன்பிரேக்குக்கு எரியாது. கியரைக் குறைத்து வேகம் தணித்தால் இன்றைக்கும் பெரும்பாலான வண்டிகளில் எரியாது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எண்பதுகளில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த எழுத்தர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எனக்கு 'அண்ணன்'. பட்ஜெட் நேரத்தில் அலுவலகம் முடிய இருட்டிவிடும். கடலூர் ரோட்டில் தாண்டிப் போய் ஒரு கிராமத்தில் வீடு. ஒரு மார்ச் மாத மாலை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி இடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. மனைவிக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள்.

அண்ணியாருக்காக நஷ்டஈட்டு வழக்குக் காகிதங்களை அலுவலக நண்பர்கள் நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தயார் செய்தோம். சம்பளப் பட்டியல், பணிப்பதிவேட்டு நகல், பிறந்த தேதிச் சான்று, எல்லாம் எங்களுக்குக் கை வந்த வேலை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஸ்கூட்டரின் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதற்கு என்ன சாட்சி?"

யார் என்ன சொல்ல முடியும்? பின்பக்கம் முழுதும் நசுங்கிப் போயிருந்தது. லாரி டிரைவர் "எரியவில்லை" என்றார். டீக்கடைக்காரர் ஒருவர் "கவனிக்கவில்லை" என்றார். எரிந்ததா என்று தெரிந்த ஒரே ஆள் லாரி டிரைவர், அவர் எரியவில்லை என்கிறார். முடிவில் இரண்டு பக்கமும் கவனக்குறைவு என்று நஷ்டஈட்டில் கால் பங்கைக் கழித்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்துச் சைக்கிள்காரர்கள் பயந்தது இதைத்தான்.

அதற்கு வெகுகாலம் கழித்து, விபத்துத் தடயங்கள் பற்றிய ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது. விபத்தின்போது பல்பு எரிந்ததா இல்லையா என்பதை அந்தப் பல்பே சொல்லிவிடுமாம். எரிந்துகொண்டிருக்கும் இழை சூட்டில் இளகி இருக்கும், மோதும்போது வளைந்து நீண்டுவிடும். அணைந்திருக்கும் இழை குளிர்ந்து நொறுங்கும் தன்மையில் இருக்கும், கண்ணாடித் துண்டைப் போல உடையும். எரியும்போது கண்ணாடி உடைந்தால் காற்றுப் பட்டு இழை கருகிப் புகைப்படிந்திருக்கும். பூதக்கண்ணாடி போதும் பார்க்க. அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் மூடவில்லை. அண்ணன் வண்டியின் பல்பு என்ன சொல்லியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. மறுநாள் காலை ரோடு கூட்டுகிறவர்கள் கண்ணாடித் துண்டுகளோடு அதையும் கூட்டித் தள்ளியிருப்பார்கள். வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு துன்பம் நேர்ந்தால் (நேரக்கூடாது), வண்டியின் விளக்குகளைப் போட்டோ எடுத்து, பல்பைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளக்கு எரிந்தாலும் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. காருக்குப் பின்னால் இரண்டு விளக்கு. நெருங்க நெருங்க அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விரியும். நாம் யோசிக்காமலே கண் அதைக் கணக்குப் போட்டு, 'கிட்டே வந்துவிட்டோம்' என்று சொல்லிவிடும். மோட்டார் சைக்கிளுக்கோ ஒற்றை விளக்கு. ஒற்றைப் புள்ளி தூரத்தில் இருக்கிறதா, கிட்டே இருக்கிறதா, நிற்கிறதா, போகிறதா என்று கண்ணால் எடை போட முடியாது. அந்தப் புள்ளி பெரிதாகத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே பின்னால் எத்தனை தனித்தனிப் புள்ளிகள் தெரிகின்றனவோ அவ்வளவு நல்லது.

1974இல் அமெரிக்காவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ அறிஞர் சான்பிரான்சிஸ்கோ டாக்சிகளில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சில டாக்சிகளின் பின்னால் நடுவில் கூடுதலாக ஒரு விளக்கு, டிரைவர் பிரேக் பிடிக்கும் வேகத்துக்கு ஏற்ப மின்னும்படி. சிலவற்றில் இல்லை. விளக்கு வைத்த டாக்சிகளில் பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு அங்கே பலமுறை சோதித்து, 1986 முதல் புதிய கார்களுக்கெல்லாம் நடுவில் மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோரும் பழகிப்போனபின் அதன் பலன் முதலில் கண்ட அளவுக்கு இல்லை என்பதும் உண்மை. ஆனால் பலன் இருக்கிறது.

அடுத்தது எல்.இ.டி. 1962இல் நிக் ஹொலோனியாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பழைய பல்பில் இழை சூடாகி முழு வெளிச்சம் வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு என்ன பிரமாதம் என்று கேட்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது ஒரு ஸ்கூட்டரின் நீளத்தைவிட அதிகம்.

இப்போது பிரான்சுக்கு வருகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே பிள்ளைகளும் மருமக்களும் உண்டு, என் தங்கை மகனும் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். 2012 ஜனவரியில் அங்கே ஓர் அரசாணை வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி ஓட்டுகிறவர்கள் உடம்பின் மேற்பகுதியில் குறைந்தது 150 சதுர சென்டிமீட்டர் மின்னும் பட்டை அணிய வேண்டும், 2013 ஜனவரி 1 முதல் அமல். அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. பெயரே 'கோபங்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமைப்பு'. 1980இல் தொடங்கியது. அவர்கள் ரோட்டில் இறங்கினார்கள். "காட்டிக்கொள்வது எங்கள் கடமை என்றால், பார்ப்பது யார் கடமை?" என்பதுதான் சாரம். எண்பது வருஷத்துக்கு முந்தைய அதே கேள்வி, வேறு பாஷையில். அரசாங்கம் மாறியிருந்தது. 2013 ஜனவரி முதல் வாரத்திலேயே ஆணையை ரத்து செய்துவிட்டார்கள்.

சண்டை அதோடு முடியவில்லை. 2016 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒரு மஞ்சள் சட்டையை, 'ஜிலே ஜோன்' என்பார்களே அதை, கூடவே வைத்திருக்க வேண்டும், வண்டி ரிப்பேராகி ரோட்டோரம் நின்றால் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்தது. கார்க்காரர்களுக்கு 2008இலேயே வந்துவிட்டது. எல்லார் வண்டியிலும் அந்தச் சட்டை இருந்ததால்தான், 2018இல் டீசல் வரியை எதிர்த்துக் கிளம்பிய ஜனங்கள் அதையே சீருடையாக மாட்டிக்கொண்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரிவதற்காகத் தைத்த சட்டை, அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியவும் பயன்பட்டது.

சங்கத்தார் கோபப்பட்டது இருக்கட்டும், அணிந்தால் பலன் உண்டா? நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் விபத்தில் சிக்கியவர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். மின்னும் உடையோ பளிச்சென்ற நிறமோ அணிந்தவர்களுக்குக் காயப்படும் அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் முன்விளக்கு எரிந்தவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. இது எல்லாத் திசை விபத்துக்கும் சேர்த்த கணக்கு. சட்டையும் ஹெல்மெட்டும் பின்னாலும் தெரிபவைதானே.

நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தாலே முன்விளக்கு எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. "ஏன் தாத்தா பகலில் லைட்டு எரியுது?" என்று பேரப்பிள்ளைகள் அல்ல, தாத்தாக்கள்தான் பேரப்பிள்ளைகளைக் கேட்டார்கள். கூடவே பின்விளக்கும் எரிவதால் நாம் பேசும் விஷயத்துக்கும் அது நன்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022இல் இந்தியாவில் ரோட்டு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் வகையில், பின்னாலிருந்து இடித்தது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்.

யார் கடமை என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். நியாயம் இங்கிலாந்துச் சைக்கிள்காரர் பக்கமும் பிரெஞ்சுக் கோபக்காரர் பக்கமும்தான். இடிக்கிறவன்தான் குற்றவாளி, நிறுத்த முடியாத வேகத்தில் வந்தது அவன். ஆனால் நியாயம் கோர்ட்டில்தான் வேலை செய்யும், அதுவும் வருஷங்கள் கழித்து, அதுவும் முக்கால் பங்கு. ரோட்டில் வேலை செய்வது சிவப்பு வெளிச்சம் மட்டும். பின்விளக்கு எரிவதால் நம் வாதம் தோற்றுப்போவதில்லை. வாதத்தைச் சொல்ல நாம் உயிரோடு இருப்போம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. சிவப்பு மின்னும் பட்டை வாங்கி, பின் மட்கார்டிலும் சீட்டுக்குக் கீழே இரண்டு ஓரங்களிலும் ஒட்டலாம். ஓரங்களில் ஒட்டினால் ஒற்றைப் புள்ளி மூன்று புள்ளியாகும். மழைக்காலத்தில் பின்விளக்குக் கண்ணாடியைத் துணியால் துடைக்க வேண்டும். அரிசி மூட்டையோ, கேஸ் சிலிண்டரோ, தொங்கும் பையோ விளக்கை மறைக்கக் கூடாது. அழகுக்காக விளக்கின் மேல் கறுப்புத் தாள் ஒட்டியும், கத்தாஃபோத்தைக் கழற்றிப் போட்டும் ஓட்டுகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். சந்திரனுக்கு அனுப்பியதைக் குப்பையில் போடுகிறார்கள். ஹெல்மெட் வாங்கும்போது கறுப்பைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுங்கள். நிறுத்துமுன் பிரேக்கை மெல்ல இரண்டு தரம் தொட்டுவிட்டுப் பிடித்தால், விளக்கு விட்டு விட்டு எரிந்து பின்னால் வருபவரை எழுப்பும்.

நமக்கு இந்த வயதில் வண்டி ஓட்டும் வேலை குறைவு. வாசலில் உட்கார்ந்திருக்கும் வேலை அதிகம். விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையோ பேரனோ வண்டியை எடுக்கும்போது, வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "கை பிரேக்கைப் பிடி. இப்போ கால் பிரேக்கை மிதி" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் சிவப்பு பளிச்சென்று கூடுகிறதா என்று நம்மால்தான் பார்க்க முடியும், ஓட்டுகிறவர்களால் முடியாது. அவர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.